என் கால் படாத முதுகு

நான் கால் முன்னே வந்து பிறந்தவள். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காகத் தலையை நீட்டிக்கொண்டு வந்தபோது நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்காக என் அம்மா இரண்டு நாள் பட்ட பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேச்சு முழுக்க என் காலைப் பற்றித்தான். எங்கள் பக்கத்தில் கால் பிறப்பு என்றால் தனி மரியாதை. முதுகுப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, எதுவாக இருந்தாலும் கால் பிறப்பு ஒருத்தர் மூன்று மிதி மிதித்தால் போய்விடும் என்பது சிலமலையிலிருந்து போடி வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி.

சிலமலையில் ஆறு வயதில் மிதிக்க ஆரம்பித்தேன். கல்யாணமாகிப் போடிக்கு வந்தபோது சீர்வரிசையோடு என் காலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் காலையில், பல் விளக்காமல், வெறும் வயிற்றோடு வர வேண்டும். வந்தவர் ஒன்றும் பேசாமல் எங்கள் வாசலில் குப்புறப் படுத்துக்கொள்வார். நான் வலது குதிகாலில் விளக்கெண்ணெய் தடவி, வலிக்கிற இடத்தில் மூன்று மிதி மிதிப்பேன். அவர் எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். கையில் ஒன்றும் கொடுக்கக் கூடாது. முக்கியமாக, சரியாகிவிட்டது என்று என்னிடம் வந்து சொல்லக் கூடாது. சொன்னால் வலி திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். சரியாகவில்லை என்றும் சொல்லக் கூடாது, அது கால் பிறப்பை அவமானப்படுத்துவது. இதைவிட வசதியான வைத்தியம் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜீப்பு ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். ஏலக்காட்டில் காய் எடுக்கிற பெண்கள் வந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவர்களும் வந்தார்கள். படித்தவர்கள் தெருவில் ஆள் நடமாடுவதற்கு முன்னால் வருவார்கள், படிக்காதவர்கள் நன்றாக விடிந்தபின் வருவார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். என் கால் படாத முதுகு எங்கள் தெருவில் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். ஆறு வயதில் ஒரு பூனைக்குட்டியின் எடைதான் அந்த முதுகுகளில் இறங்கியிருக்கும். ஐம்பது வயதில் இறங்கியது வேறு கணக்கு. ராசி கூடியதோ இல்லையோ, எடை கூடியிருந்தது.

எனக்குப் போடிமெட்டுக்கு அப்பால், மலையின் கேரளத்துப் பக்க இறக்கத்தில், இரண்டு ஏக்கர் ஏலக்காடு இருக்கிறது. அப்பா எனக்கு எழுதிக் கொடுத்தது. என் கணவர் ஒரு அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்க்கிறவர். மலைக்கு வந்தால் அட்டை கடிக்கும், குளிர் அடிக்கும், ஜீப்பில் தலை சுற்றும் என்று ஒதுங்கிக்கொண்டார். ஆகவே காடு என் பொறுப்பு. ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை காய் எடுப்பு வரும். ஏழெட்டு நாள் தொடர்ந்து, விடிகாலை ஜீப்பில் காய் எடுக்கிற பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு, வளைவு வளைவாக ஏறுவேன். வருஷத்தில் எனக்கு அடுப்பைப் பார்க்காத நாட்கள் அவை மட்டும்தான். அந்தக் காட்டில் மழைத்தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது நான் யாருடைய மனைவியும் இல்லை, யாருக்கும் சோறு போட வேண்டியதில்லை. அந்தக் காட்டை நான் எவ்வளவு நேசித்தேன் என்பதை இதுவரை வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் சமையல் பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள்.

ஏலக்காய் செடியின் மேலே காய்ப்பதில்லை. அடியில், தரையோடு தரையாகச் சரம் விட்டு அதில் காய்க்கும். ஆகவே நாள் முழுக்கக் குந்தியும் குனிந்தும்தான் எடுக்க வேண்டும். என் எடுப்பில் மூத்தவள் ஒரு மதினி. சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. மலையிலேயே, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வீட்டில் இருந்தாள். அதனால் பாதிப் பேச்சு மலையாளமாக இருக்கும், வலியை வேதனை என்பாள். போன பருவத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் அவளால் குந்தவே முடியவில்லை. நான் காட்டிலேயே தார்ப்பாயை விரித்துப் படுக்கச் சொல்லி மூன்று மிதி மிதித்தேன். கிழமைகூடப் பார்க்கவில்லை. அடுத்த எடுப்பிலிருந்து அவள் வரவில்லை. முதுகு சரியாகி, வேறு எஸ்டேட்டில் உட்கார்ந்து தரம் பார்த்துக் காய் பொறுக்குகிற வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் ஆளைச் சரியாக்கி அடுத்தவனுக்கு அனுப்பிவிட்டேன் என்று ஜீப்பில் பெருமையாகத் திட்டிக்கொண்டு வந்தேன்.

பிறகு என் முதுகு போயிற்று. போனது எப்படி என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. ஒரு சாயங்காலம் மழையில் நனைந்த பச்சைக்காய் மூட்டையை ஜீப்பில் ஏற்ற ஆளில்லை. நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான். இடுப்புக்குள் யாரோ தாழ்ப்பாளைப் போட்டதுபோல் ஆயிற்று. குனிந்தவள் நிமிரவில்லை. என் கணவர் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"என்னா, எதையாச்சும் தேடுறியா?" என்றார்.

வலி இடுப்பில் தொடங்கி வலது புட்டம் வழியாகத் தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கியது. எங்கள் வீட்டு வைத்தியம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்ததில் முதுகில் உள்ளங்கையளவு கொப்புளம் வந்தது. அதனால் இரண்டு நாள் முதுகுவலி தெரியவில்லை, கொப்புள வலிதான் தெரிந்தது. நொச்சியிலையை வேகவைத்து ஊற்றினார்கள். செங்கல்லைச் சுடவைத்துக் கோணியில் சுற்றி அதன்மேல் படுக்கச் சொன்னார்கள். கணவர் தைலம் தேய்த்தார். தேய்த்த கையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு, என்னைவிட அதிகமாகக் கத்தினார். எதிர்வீட்டில் பெல்ட்டு ஒன்றை இரவல் கொடுத்தார்கள். அது அந்த வீட்டு மனிதருடையது, என் சுற்றளவுக்குக் காணாது. கட்டியபின் நான் மூச்சு விடுவதா பெல்ட்டு இருப்பதா என்று ஆகிவிட்டது. செல்போனில் ஒரு பெண் புன்னகைத்தபடியே தன் காலைத் தன் காதுக்குக் கொண்டுபோனாள். முதுகுவலிக்கு எளிய பயிற்சியாம். அவளுக்கு முதுகே இல்லை என்று நினைக்கிறேன்.

எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, அசையாமல் கட்டாந்தரையில் படு என்பது. பன்னிரண்டு நாள் படுத்தேன். படுக்கப் படுக்க உடம்பு மரக்கட்டையாகிக்கொண்டே வந்தது. கழிவறைக்குப் போக எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டையே ஒரு சுற்று வந்துதான் போய்ச் சேருவேன்.

அப்போதுதான் என் கணவர் ஒரு நாள் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் காபி போட்டுக் கொண்டுவந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"காட்டைக் குத்தகைக்குக் கேக்குறாக. அடுத்த எடுப்புக்குள்ள நீ எந்திரிச்சா சரி. இல்லைன்னா விட்ருவோம். இனிமே ஒனக்கு எதுக்கு அந்தச் சோலி?"

"எத்தன வருசத்துக்கு?"

"அஞ்சு."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஐந்து வருஷம் கழித்து எனக்கு ஐம்பத்தைந்து ஆகும். அதற்குப் பிறகு என்னை யார் மலைக்கு விடப்போகிறார்கள்? அடுத்த எடுப்புக்கு நான்கு வாரம் இருந்தது. நான் காபியைக் குடித்துவிட்டு, எழுந்து நிற்கிறேன் பார் என்று சுவரைப் பிடித்து எழுந்து நின்றேன். அவர் போகும்வரை சிரித்தபடியே நின்றேன். போனதும் மடேர் என்று விழுந்தேன்.

நல்ல காலம், அடுத்த ஒரு வாரத்தில் வலி குறைய ஆரம்பித்தது. செங்கல் வேலை செய்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். தொடையில் இழுத்த இழுப்பு பாதிக்குப் பாதி போய்விட்டது. ஒரே எரிச்சல் என்னவென்றால், வலது கால் செருப்பு நடக்கும்போது கழன்று கழன்று விழுந்தது. பழைய செருப்பு, வார் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். புதிதாக ஒரு ஜோடி வாங்கி வரச்சொன்னேன். அதுவும் விழுந்தது. செருப்புக் கடைக்காரனை நான் திட்டிய திட்டு அவனுக்கு எட்டியிருந்தால் கடையை மூடியிருப்பான். ஒரு அளவு சின்னதாக மாற்றி வந்து போட்டுக்கொண்டேன்.

ஆனாலும் குனிய முடியவில்லை, குந்த முடியவில்லை. எடுப்புக்கு மூன்று வாரம். மிச்சமிருந்தது ஒரே வைத்தியம். ஊருக்கே நான் செய்தது. எனக்குச் செய்ய ஆள் இல்லை. என் காலை என் முதுகுக்குக் கொண்டுபோக நான் அந்தச் செல்போன் பெண்ணும் இல்லை.

உண்மையில் ஆள் இருந்தாள். என் கொழுந்தனின் மனைவி, என் ஓரகத்தி. அவளும் கால் பிறப்புதான். ஒரே குடும்பத்தில் இரண்டு கால் பிறப்பு மருமகள்கள் என்று மாமியார் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார். ஆனால் அவள் வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை. கால் முன்னால் இருந்ததால்தான் டாக்டர் கீறியிருக்கிறார். இது கால் பிறப்பில் சேருமா சேராதா என்று யாரும் கேட்டதில்லை, நான் கேட்கும்வரை. ஆறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்து வீட்டு ஜீப்பு முதலாளி என் வாசலைத் தாண்டிப்போய் அவள் வாசலில் படுத்துவிட்டு வந்தார். அதே வாரம் ஒரு காதுகுத்து வீட்டில், பந்தியில், இலை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன்.

"வயித்தக் கீறி எடுத்த பிள்ளைக்குத் தல என்னா, காலு என்னா? ரெண்டும் ஒண்ணாத்தேன வெளிய வந்துருக்கும்!"

பந்தியே சிரித்தது. அவள் பாயசம் வாளியோடு என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். என் இலையை மட்டும் விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. பிறகு அவர்கள் தேவாரத்துக்குக் குடிபோனார்கள். அவள் மிதிப்பதையே விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். என் நாக்குதான் விடவைத்தது என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. இதை எழுதும்போது கன்னத்தில் யாரோ அறைவதுபோல் இருக்கிறது, ஆனாலும் இருந்தது இருந்ததுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சிலமலைக்குப் போய் வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, தேவாரம் பஸ்சில் ஏறினேன். முறைப்படி பல் விளக்கவில்லை. வெறும் வயிறு. கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு வாயைத் திறக்காமல், டிக்கெட்டுக்குச் சரியாகச் சில்லறையை நீட்டினேன். போடியிலிருந்து தேவாரம் வரை எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று கேட்டால் என் இடுப்பு சொல்லும்.

ஓரகத்தி வீடு ஊர்க்கோடியில், வாழைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. முந்தின நாள் யானை வந்திருக்கிறது. ஒரு வரிசை வாழை தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்தது. மிதிபட வந்த இடத்தில் இதையா பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். அவள் வாசலில் நின்று முறிந்த வாழை மட்டைகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அரிவாளோடு அப்படியே நின்றாள்.

நல்ல வேளை, நம் முறையில் பேசக் கூடாது. மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, நலம் விசாரிக்கத் தேவையில்லை. நான் நேராகப் போய், சுவரைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்கி, அவள் வாசலில் குப்புறப் படுத்தேன். ஆறு வருஷச் சண்டைக்கு அதைவிடப் பெரிய மன்னிப்பு எனக்குத் தெரியாது. நெற்றி மண்ணில் பட்டது. கண்ணுக்கு அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை என்னைச் சுற்றி ஒரு தரம் வந்தன. என் காலடியில் போய் நின்றன. ஒரு கோழி வந்து என் கொண்டையைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று. நான் மிதிக்காகக் காத்திருந்தேன். பழி தீர்க்க இதைவிட நல்ல நாள் அவளுக்குக் கிடைக்காது, நன்றாகவே மிதிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வலது கால் செருப்பு எங்க?" என்றாள்.

முறை முறைதான். நெற்றியை மண்ணோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒங்களத்தேன் கேக்குறேன். ஒரு கால்லதேன் செருப்பு இருக்கு. இன்னொண்ணு எங்க?"

தலையைத் திருப்பிப் பார்த்தேன். படலுக்கு வெளியே, ரோட்டோரத்தில், என் புதுச் செருப்பு கிடந்தது. பத்துப் பதினைந்து எட்டு அந்தக் கால் சரளையில் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கழன்றதும் தெரியவில்லை, கல் குத்தியதும் தெரியவில்லை.

"எந்திரிங்க. குதிகால ஊண்டி, முன்பாதத்தத் தூக்கி நடங்க பாப்போம்."

சுவரைப் பிடித்து எழுந்தேன். இடது பாதம் எழும்பியது. வலது கால் தரையில் பசை போட்டதுபோல் கிடந்தது. கட்டைவிரலையாவது தூக்குங்க என்றாள். நான் முழு உடம்பாலும் முக்கினேன். முகம் சிவந்ததே தவிர விரல் அசையவில்லை. ஊரெல்லாம் கும்பிட்ட கால். மூன்று மிதியில் உலகத்தைச் சரிப்படுத்திய கால். அது என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்தது. அதுவரை வந்தது எல்லாம் வலியும் கோபமும்தான், பயம் இல்லை. இனி மலை இல்லை என்று அந்த நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று. சிறுபிள்ளைபோல் அழுதேன், பல் விளக்காத வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு.

"எங்கம்மாவுக்கு இப்பிடித்தேன் இருந்துச்சு" என்றாள் அவள். "நாந்தேன் மிதிச்சேன். மூணு ஞாயித்துக்கெழம. வலி போயிருச்சுன்னு அதுவும் சொல்லல, கால் வரலன்னும் சொல்லல. சொல்லக் கூடாதுல்ல? இன்னைக்கு வரைக்கும் கால இழுத்துக்கிட்டுத்தேன் நடக்குது. அன்னைக்கு விட்டதுதேன் இந்த மிதிக்கிற சோலி. நீங்க சொன்னதுக்காக விட்டேன்னு நெனச்சீகளா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஒங்க வாய்க்கெல்லாம் யாரு பயந்தா? கெளம்புங்கக்கா, வெரசா" என்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த அக்காவை எதிர்பார்க்கவில்லை. அவளே கார் பிடித்து, பின்சீட்டில் என்னைச் சாய்த்துப் போட்டு, தேனிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அது எனக்காக இல்லை, டாக்டருக்காக என்றாள்.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். சுத்தியலால் முட்டியைத் தட்டினாள், ஊசியால் பாதத்தைக் குத்தினாள், ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்து போகிறதா என்று ஓரகத்தி முன்னாலேயே கேட்டாள். பெரிய மெஷினுக்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற மெத்தை பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறதாம். முதுகுவலி எல்லாவற்றிலும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலும் கொஞ்சம் சூடு, கொஞ்சம் நடை, கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டிலேயே அடங்கிவிடும் என்றாள். ஆனால் கால் பலம் குறைந்தால் வீட்டில் இருக்கக் கூடாது.

"வலி கொறஞ்சுருச்சுங்க, அதனால நல்லாயிருச்சுன்னு நெனச்சேன்" என்றேன்.

"நரம்பு செத்துக்கிட்டு வந்தாலும் வலி கொறயும்மா" என்றாள். பிறகு படத்தைப் பார்த்தபடியே, "முதுகுல யாரும் ஏறி மிதிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க. நாந்தேன் மிதிப்பேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஓரகத்தி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது.

கத்தி வைக்காமல் சில வாரம் பார்ப்போம், வாரா வாரம் வந்து காட்ட வேண்டும், கால் இன்னும் மோசமானாலோ மூத்திரம் நின்றாலோ அந்த நிமிஷமே வர வேண்டும் என்று அனுப்பினாள். மாத்திரை, பயிற்சி, நடை. படுத்தே கிடக்கக் கூடாது என்று அவள் சொன்னபோது, கட்டாந்தரையில் கிடந்த பன்னிரண்டு நாளை யாரிடம் திருப்பிக் கேட்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண், மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை மேலே தூக்கச் சொன்னாள். இந்த வயதில், கூடத்தில், தபால்காரர் வருகிற நேரத்தில். தூக்கினேன். தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து என் கட்டைவிரலைப் பார்த்துத் திட்டுவதும் பயிற்சியில் சேர்ந்தது. ஊரில் இருக்கிற கெட்ட வார்த்தை எல்லாம் அந்த விரலுக்குத் தெரியும்.

எடுப்பு நாள் வந்துவிட்டது. விரல் வரவில்லை. கணவர் குத்தகைக்காரருக்குப் போன் போடப் போனார். அப்போது ஓரகத்தி, மழைக்கோட்டும் முட்டி வரை காலுறையும் போட்டு, முதல் பஸ்சிலேயே வந்து இறங்கினாள்.

"போன வைங்க மாமா. இந்த எடுப்ப நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

எட்டு நாள் மலை ஏறினாள். ஒவ்வொரு சாயங்காலமும் காய் எடை எழுதிய சீட்டோடு வந்து, என் முன்னால் உட்கார்ந்து, காலில் அட்டை கடித்த இடங்களைக் காட்டுவாள். "ஒங்க காட்டு அட்டைக்கு நான் ரத்தம் குடுத்தது போதும். வெரசா எந்திரிச்சு வாங்க" என்பாள். எட்டாம் நாள் அவள் அப்படித் திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் என் வலது கட்டைவிரல் அசைந்தது. நூலளவு. இருவரும் அதையே பார்த்தோம். இன்னொரு தரம் அசைத்தேன்.

"இந்தக் காலுதேன் மொதல்ல வந்துச்சா?" என்று கேட்டாள்.

"அம்மாகிட்ட நான் கேட்டதில்ல" என்றேன். அம்மா இப்போது இல்லை.

சில வாரத்தில் செருப்பு கழலாமல் காலில் நின்றது. குதிகாலில் நான்கு எட்டு நடந்தேன். வாசலில் படுக்க வந்தவர்களை எல்லாம் எழுப்பி, குதிகாலில் நடந்து காட்டச் சொல்லி, மிதிக்காமலே அனுப்பினேன். என் ராசி போய்விட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் எனக்குக் காலையில் விழிப்பு வரும்போதெல்லாம் ஒரே ஞாபகம்தான். தார்ப்பாய். மூன்று மிதி. திரும்பி வராத மதினி. நாற்பது வருஷத்துக்கு மேல் மிதித்திருக்கிறேன், ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். குறை சொல்லக் கூடாது என்பதுதானே நம் முறை.

அடுத்த எடுப்புக்கு டாக்டர் போகலாம் என்றாள். மூட்டை தூக்கக் கூடாது, ஜீப்பில் முன்சீட்டில்தான் உட்கார வேண்டும், மணிக்கொரு தரம் இறங்கி நடக்க வேண்டும். விடிகாலையில் ஏறினோம். போடிமெட்டில் மேகம் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. என் காட்டு வாசனை வந்ததும் தலையை ஜீப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டேன். ஆட்களை இறக்கிவிட்டேன். காட்டுக்குள் போகவில்லை. டிரைவரிடம் லயத்துக்கு விடச் சொன்னேன்.

மதினி வாசலில் உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். வலது காலை உயரத் தூக்கி, தொப்பென்று வைத்து வந்தாள். அந்தக் காலில் ரப்பர் செருப்பு. அதைக் கழலாமல் சாக்கு தைக்கிற நீல பிளாஸ்டிக் கயிற்றால் பாதத்தோடு சேர்த்து, கணுக்கால் வரை சுற்றிக் கட்டியிருந்தாள்.

"கால்ல என்ன மதினி?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. கழண்டு கழண்டு விழுகுது, அதேன் கட்டிக்கிட்டேன். ஒங்க கால் பட்டு ஒரு மாசத்துல வேதன சுத்தமாப் போயிருச்சு. சொல்லக் கூடாதுன்னு இத்தன நாளும் சொல்லல."

எனக்குக் குந்த இன்னும் சரியாக வராது. முட்டி போட்டு உட்கார்ந்து அந்தக் கயிற்றை அவிழ்த்தேன். ஐயையோ என்ன ஆத்தா இது என்று அவள் காலை இழுக்கப் பார்த்தாள். விரலைத் தூக்குங்க மதினி என்றேன். தூக்கினாள். தூக்குவதாக நினைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். விரல் அப்படியே கிடந்தது. எனக்கு ஒரு மாதத்துக்குள் செருப்பைப் பார்த்துக் கேட்ட ஓரகத்தி மாதிரி அவளுக்கு ஒருத்தி இல்லை. ஒரு வருஷம் ஓடிவிட்டிருந்தது.

அவளை ஜீப்பில் முன்சீட்டில் உட்கார வைத்து, நான் பின்னால் ஏறிக்கொண்டேன். தேனிக்கு விடு என்றேன். முதல் வளைவு இறங்கும்போது அவள் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"சரியாப்போச்சுன்னு வாய விட்டுட்டேனே ஆத்தா, வேதன திரும்பி வந்துருமோ?"

"வரட்டும் மதினி" என்றேன். "வந்தா நல்லது."